கேன்டன் ஃபேர் குரூப் பேக்கேஜ்: காசு குடுத்து போலாமா? பாரிமுனை வியாபாரியோட ரிவியூ

கேன்டன் ஃபேர்னா சீனாவுல குவாங்சோ ஊர்ல நடக்கற பெரிய வியாபார கண்காட்சி, அதுக்கு டிராவல்ஸ்காரங்க குரூப்பா கூட்டிட்டு போற பேக்கேஜ பத்திதான் இது. முதல்லயே முடிவ சொல்லிடறேன், அப்புறம் பொறுமையா விவரம் படிங்க. முதல் தடவை சீனா போறீங்க, கூட யாரும் இல்ல, இங்கிலீஷ்ல பேசி சமாளிக்க தயக்கமா இருக்குன்னா குரூப் பேக்கேஜ் எடுங்க, தப்பே இல்ல. ஆனா ஒரு தடவை போயிட்டு வந்தவங்க மறுபடியும் அதே பேக்கேஜுக்கு காசு கட்ட வேண்டிய அவசியமே இல்லன்றதுதான் என் கருத்து. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன், அந்த மூணும் விசா வேலைக்கும் கூட வந்த கோஆர்டினேட்டருக்கும் மட்டும்தான்.

நான் பாரிமுனையில ஹவுஸ்ஹோல்டு ஐட்டம் ஹோல்சேல் பண்றேன், கிச்சன் டப்பா, பீங்கான் கப், கண்ணாடி ஜாடி, ஸ்டோரேஜ் ஐட்டம் இந்த மாதிரி. எங்க தெருவுல பாதி பேர் குவாங்சோ போயிட்டு வந்தவங்கதான், இன்னும் போகாதவங்க தினம் ஒருத்தராவது கடைக்கு வந்து "அண்ணே எந்த டிராவல்ஸ்ல போனீங்க, எவ்ளோ ஆச்சு"ன்னு கேக்கறாங்க, அதனாலதான் இத இவ்ளோ நீளமா எழுதறேன். டிராவல்ஸ் பேரு இங்க போடல, ஏன்னா இந்த குறை எல்லாம் ஒரு ஆபீஸோட குறை மட்டும் இல்ல, நான் விசாரிச்ச வரைக்கும் பல பேக்கேஜ் இதே அமைப்புலதான் ஓடுது, நீங்க யார்கிட்ட காசு கட்டினாலும் இந்த கேள்வி எல்லாம் கேட்டுட்டு கட்டுங்க.

பேக்கேஜ்ல என்னென்ன வருதுன்னா ஃப்ளைட் டிக்கெட், விசா, ரெண்டு பேருக்கு ஒரு ரூம் கணக்குல ஹோட்டல், காலையில டிபன், ராத்திரி இந்தியன் சாப்பாடு, ஹோட்டல்லேருந்து ஃபேருக்கு பஸ், கடைசி நாள் ஒரு மார்க்கெட் டூர். கேக்க நல்லாதான் இருக்கு.

விசா விஷயத்துல அவங்கள மனசார பாராட்டணும். சென்னையில சீன தூதரக ஆபீஸ் கிடையாது, டெல்லி தூதரகம் தவிர மும்பை, கொல்கத்தாவுலதான் கான்சுலேட் இருக்கு, அதனால நாமளே பண்றதுன்னா அலைச்சல். வியாபாரத்துக்கு போறவங்களுக்கு எம் கேட்டகிரி விசா, அதுக்கு அழைப்பு கடிதம், கம்பெனி லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய பாஸ்போர்ட் இருந்தா அதோட காப்பி இதெல்லாம் கேப்பாங்க. ஃபார்ம்ல ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனா கூட திருப்பி அனுப்பிடுவாங்க, அந்த ஃபார்ம ஒவ்வொரு வரியா எங்ககிட்ட கேட்டு கேட்டு அந்த ஆபீஸ்ல இருந்த பொண்ணு நிரப்புச்சு, ஒருத்தருக்கு கூட விசா ரிஜெக்ட் ஆகல. இந்த வேலைக்கு மட்டும் தனியா சர்வீஸ் சார்ஜ் வாங்கற ஏஜென்ட்டும் ஊர்ல இருக்காங்க, ரெண்டாவது தடவை போறவங்க அத மட்டும் எடுத்துக்கலாம்.

ஆனா பில்லுல "ஃபேர் ரிஜிஸ்ட்ரேஷன்"னு ஒரு தொகை தனியா போட்டிருந்தாங்க, அத நான் ஒத்துக்கவே மாட்டேன். கேன்டன் ஃபேருக்கு வெளிநாட்டு பையர் முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டா நுழைவுக்கு காசு கிடையாது. அவங்களோட சொந்த வெப்சைட்லயே பதிவு பண்ணலாம், அழைப்பு கடிதமும் அங்கயே எடுத்துக்கலாம். அங்க போய் பாஸ்போர்ட்ட காட்டினா பேட்ஜ் குடுப்பாங்க, அந்த பேட்ஜ தூக்கி போட்டுடாதீங்க, அடுத்த தடவை போறப்பவும் அதையே யூஸ் பண்ணலாம், தொலைச்சா புதுசுக்கு காசு கேப்பாங்க. இவ்ளோதான் வேலை, வீட்ல காலேஜ் படிக்கிற புள்ளை இருந்தா அரை மணி நேரத்துல முடிச்சி குடுத்துடும்.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இத சரியா பாக்காம காசு கட்டினா மொத்த பயணமும் வீண். கேன்டன் ஃபேர் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும், ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, ஒவ்வொண்ணும் மூணு ஃபேஸா நடக்கும், ஒவ்வொரு ஃபேஸும் அஞ்சு நாள், ஒவ்வொண்ணுலயும் சரக்கு வேற. முதல் ஃபேஸ்ல எலக்ட்ரானிக்ஸ், வீட்டு அப்ளையன்ஸ், மெஷினரி, லைட், ஹார்டுவேர், டூல்ஸ். ரெண்டாவதுல கிச்சன் சாமான், பீங்கான், கிஃப்ட் ஐட்டம், அலங்கார பொருள், ஃபர்னிச்சர், கட்டட சாமான். மூணாவதுல பொம்மை, குழந்தைங்க ஐட்டம், துணி, செருப்பு, பேக், ஸ்டேஷனரி, மருத்துவ பொருள். 1957-லேருந்து நடக்குது, 30 ஆயிரத்துக்கும் மேல கம்பெனிங்க ஸ்டால் போடறாங்க, ஆனா நீங்க போற அஞ்சு நாள்ல உங்க சரக்கு இல்லன்னா அத்தனை ஸ்டாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்க குரூப்ல பொம்மை ஹோல்சேல் பண்றவர் ஒருத்தர் வந்திருந்தாரு, அவர்கிட்ட எந்த ஃபேஸ்னு கேக்காமலே ரெண்டாவது ஃபேஸ் குரூப்ல டிக்கெட் போட்டுட்டாங்க, அந்த மனுஷன் அங்க வந்து பாத்துட்டு முகம் வாடி உக்காந்துட்டாரு. இது ஏஜென்ட்டோட பொறுப்பு, "என்ன சரக்கு பாக்க போறீங்க"ன்ற கேள்விய கேக்காம அட்வான்ஸ் வாங்கற ஆபீஸ்லேருந்து உடனே எழுந்து வந்துடுங்க.

அந்த பொம்மைக்காரர் விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. பொம்மைக்கு 2021 ஜனவரிலேருந்து நம்ம நாட்டுல பிஐஎஸ் (ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கற அரசு தர அமைப்பு) கட்டாயம், அதாவது சீனாவுல இருக்கற அந்த ஃபேக்டரிக்கே பிஐஎஸ் லைசென்ஸ் இருக்கணும், இல்லாம சரக்கு வந்தா கஸ்டம்ஸ்ல மாட்டிக்கும். எங்க லைன்ல கூட சூடு தாங்கற ஸ்டீல் ஃபிளாஸ்க், பாட்டிலுக்கு எல்லாம் இப்ப பிஐஎஸ் வந்துடுச்சி. ஸ்டால்ல பளபளன்னு அடுக்கி வச்சிருப்பாங்க, ரேட்டும் ஆசையா இருக்கும், ஆனா அங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இங்க உங்க கிளியரிங் ஏஜென்ட்கிட்ட ஐட்டம் பேரு, எச்எஸ் கோடு (சரக்கு வகைக்கான கஸ்டம்ஸ் நம்பர்) சொல்லி இது கொண்டு வரலாமா, டியூட்டி எவ்ளோ, என்ன சர்டிஃபிகேட் வேணும்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிட்டு போங்க. ஐஇசி நம்பர் (இறக்குமதி, ஏற்றுமதி பண்ண வேண்டிய கோடு) இல்லாதவங்க அத முதல்ல எடுங்க, அது ஆன்லைன்லயே கிடைக்கும். டூர் ஆபீஸ்ல கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங் வச்சாங்க, எத்தனை கிலோ லக்கேஜ், எந்த கேட்ல நிக்கணும் எல்லாம் சொன்னாங்க, இத பத்தி ஒரு வார்த்தை இல்ல. வியாபாரிங்கள கூட்டிட்டு போற டூர்னு போர்டு வச்சிருக்கறவங்க இத சொல்லியே ஆகணும்.

ஃப்ளைட்டு விஷயம். டிக்கெட் விலை குறையணும்னு ராத்திரி முழுக்க நடுவுல ஒரு ஏர்போர்ட்ல உக்கார வச்சி கூட்டிட்டு போனாங்க, போய் இறங்குன அன்னிக்கே காலையில நேரா ஃபேருக்கு பஸ். வயசானவங்க ரெண்டு மூணு பேர் இருந்தாங்க, முதல் நாள் அவங்களால நடக்கவே முடியல. தனியா போறவங்களுக்கு என் யோசனை, சென்னையிலேருந்து ஹாங்காங்குக்கு கேத்தே பசிபிக் நேரடி ஃப்ளைட் இருக்கு, ஹாங்காங் மேற்கு கவ்லூன் ஸ்டேஷன்லேருந்து ஹை ஸ்பீடு ரயில்ல குவாங்சோ போயிடலாம், ரயில் பயணம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனா ஹாங்காங்குக்குள்ள காலடி வைக்க இந்தியர்களுக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும், இலவசம்தான், அந்த ஸ்லிப்ப பிரிண்ட் எடுத்து கையில வச்சிக்கணும். சீன விசா சிங்கிள் என்ட்ரியா இருந்தா, குவாங்சோவிலேருந்து சும்மா ஹாங்காங் ஒரு நாள் பாத்துட்டு வரலாம்னு மட்டும் கிளம்பிடாதீங்க, திரும்ப உள்ள விட மாட்டாங்க. சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாவும் போலாம். 2025 அக்டோபர் கடைசியிலேருந்து கொல்கத்தா குவாங்சோ நேரடி ஃப்ளைட்ட இண்டிகோ மறுபடி ஓட்ட ஆரம்பிச்சாங்க, அந்த வழியும் விலை பாருங்க.

ஹோட்டல்தான் எனக்கு இந்த பேக்கேஜ்ல சுத்தமா பிடிக்காத விஷயம். ரூம் சுத்தமா இருந்துச்சு, பெட்டு நல்லா இருந்துச்சு, அதுல குறை இல்ல. ஆனா இருந்தது ஏர்போர்ட் பக்கம், ஃபேர் நடக்கறது பாஜோன்ற இடத்துல, ஊரோட அந்த கோடி, நாப்பது கிலோமீட்டர் கிட்ட வரும். காலையில பஸ் எல்லாரும் வர வரைக்கும் நிக்கும், அப்புறம் டிராஃபிக், ஹாலுக்குள்ள நுழையறப்ப பதினோரு மணி. ஃபேர் காலையில ஒன்பதரைக்கு தொறந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மூடறாங்க, ஆனா எங்க பஸ் நாலரைக்கே கிளம்பிடும், ஏன்னா ராத்திரி சாப்பாடு வேற ஏரியாவுல. கணக்கு போட்டு பாருங்க, ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரம் பாக்க வேண்டியதுல மூணு மணி நேரம் பஸ்லயே போயிடுது. இவ்ளோ செலவு பண்ணி நாம போறது அந்த நேரத்துக்குதான், அத பிடுங்கிட்டு ரூம் வாடகையில மிச்சம் பண்றது நியாயமே இல்ல.

நான் மூணாவது நாள்லேருந்து பஸ்ஸ விட்டுட்டு மெட்ரோவுலயே போனேன், எவ்ளோ நிம்மதி தெரியுமா. எட்டாம் நம்பர் லைன்ல ஷின்காங்டாங், பாஜோன்னு ரெண்டு ஸ்டேஷன், முதலாவது ஃபேரோட ஏ ஏரியாவுக்கு, ரெண்டாவது பி, சி ஏரியாவுக்கு. ஏர்போர்ட் பக்கத்துலேருந்து மூணாம் நம்பர் லைன்ல வந்து கேசுன் ஸ்டேஷன்ல எட்டாம் நம்பருக்கு மாறணும், மூணாம் நம்பர் லைன் காலையில பயங்கர கூட்டம், ஆனாலும் பஸ்ஸவிட சீக்கிரம். ஸ்டேஷன் பேரு எல்லாம் இங்கிலீஷ்லயும் எழுதியிருக்கு, அறிவிப்பும் இங்கிலீஷ்ல வருது. அதனால ஹோட்டல் நீங்களே போடறதா இருந்தா எட்டாம் நம்பர் லைன் பக்கத்துல எங்கயாவது போடுங்க, ஃபேர் நேரத்துல வாடகை எகிறிடும்ன்றதால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க. ஃபேரோட கூட்டு இருக்கற ஹோட்டல்கள்லேருந்து இலவச பஸ்ஸும் விடறாங்க, புக் பண்றப்ப கேளுங்க. தெரிஞ்சவங்க அபார்ட்மென்ட்ல தங்கறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சிக்கோங்க, 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல பதிவு பண்ணணும், ஹோட்டல்ல தங்குனா அவங்களே பண்ணிடுவாங்க.

ஃபேர் நடக்கற இடத்தோட அளவு பத்தி எவ்ளோ சொன்னாலும் நேர்ல பாக்கறப்பதான் புரியும். நம்ம நந்தம்பாக்கம் டிரேட் சென்டர ஒரு மதியத்துல முழுசா சுத்தி வந்துடலாம், அத மனசுல வச்சிக்கிட்டு போனீங்கன்னா முதல் நாளே கால் கழண்டுடும். ஏ, பி, சி, டின்னு நாலு ஏரியா, ஒவ்வொண்ணுலயும் மாடி மாடியா ஹால், ஒரு ஹால்லேருந்து இன்னொரு ஹாலுக்கு நடக்கறதுக்கே கால் மணி நேரம் ஆகுது. புது ஷூ போட்டுட்டு போகாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்ல உங்க ஐட்டம் பேர போட்டு தேடி, பாக்க வேண்டிய கம்பெனி எல்லாம் ஹால் வாரியா எழுதிக்கிட்டா, ஒரு நாளைக்கு ஒரு ஏரியான்னு முடிக்கலாம். கேட்டலாக் வாங்கி பேக்ல அடுக்காதீங்க, எடை தாங்காது. விசிட்டிங் கார்ட நோட்டுல ஸ்டேப்ளர் போட்டு, பக்கத்துலயே ஐட்டம் நம்பர், விலை, மினிமம் ஆர்டர், ஒரு கார்ட்டன்ல எத்தனை பீஸ், எத்தனை சிபிஎம்னு (கன மீட்டர்) எழுதுங்க, ஸ்டால் போர்டோட சேர்த்து ஐட்டத்த ஒரு போட்டோ எடுங்க, கேட்டுட்டு எடுங்க, சில பேர் டிசைன் காப்பி அடிச்சிடுவாங்கன்னு விட மாட்டாங்க. உங்க விசிட்டிங் கார்டு ஒரு பெரிய கட்டா எடுத்துட்டு போங்க, கார்டு குடுக்காம எந்த ஸ்டால்லயும் ரேட்டு சொல்றதில்ல.

ரேட்டு பேசறப்ப எஃப்ஓபியா (கப்பல்ல ஏத்தற வரைக்குமான விலை), எந்த போர்ட்டுன்னு கேட்டு எழுதிக்கோங்க, சென்னைக்கு ஃப்ரெய்ட், அதாவது சரக்கு கூலி, ஒவ்வொரு போர்ட்டுலேருந்தும் வேற வேற. பொதுவா 30 சதவீதம் அட்வான்ஸ், மிச்சம் 70 பிஎல் காப்பி (கப்பல்ல சரக்கு ஏத்துனதுக்கான ரசீது) பாத்துட்டுன்னு கேப்பாங்க. அட்வான்ஸ் கம்பெனி பேர்ல இருக்கற அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான் போடணும், தனி ஆள் அக்கவுன்ட்டுக்கு போட சொன்னா போடாதீங்க. ஊருக்கு வந்தப்புறம் "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சி"ன்னு மெயில் வந்தா அத நம்பாம, ஃபேர்ல உங்க கிட்ட பேசுன ஆளுக்கு வீடியோ கால் போட்டு கேட்டுட்டு தான் அனுப்பணும். மெயில ஹேக் பண்ணி இந்த மாதிரி ஏமாத்தறது நிறைய நடக்குது.

இப்ப கோஆர்டினேட்டர் தம்பிய பத்தி சொல்லணும். தமிழ் பையன், சைனீஸ் நல்லா பேசறான். இறங்குன அன்னிக்கே எல்லார் போன்லயும் அலிபேன்ற பேமென்ட் ஆப் போட்டு, நம்ம விசா கார்டு, மாஸ்டர் கார்ட சேர்த்து, பாஸ்போர்ட் போட்டோ ஏத்தி வேலை செய்யுதான்னு ஒரு தண்ணி பாட்டில் வாங்க வச்சி பாத்துட்டுதான் விட்டான். அங்க சின்ன டீக்கடை கூட க்யூஆர் கோடுதான், நம்ம ஊரு யூபிஐ மாதிரி, ஆனா நம்ம யூபிஐய நம்பி போகக்கூடாது. அலிபேல ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள்ள (யுவான்னா சீன காசு) போட்டா கட்டணம் இல்ல, அதுக்கு மேல போனா 3 சதவீதம் பிடிப்பாங்க. கொஞ்சம் யுவான் நோட்டும் கையில வச்சிக்கோங்க. குரூப்ல ஒரு பெரியவருக்கு சுகர் இறங்கி ஹால்ல தள்ளாடி உக்காந்துட்டாரு, இந்த தம்பிதான் ஓடி வந்து உள்ளயே இருக்கற மருத்துவ அறைக்கு கூட்டிட்டு போய், டாக்டர்கிட்ட என்ன மாத்திரை சாப்பிடறாருன்னு சைனீஸ்ல விளக்கி, அன்னிக்கு முழுக்க அவர் கூடவே இருந்தான். இதுக்கு விலை போட முடியாது. வயசானவங்க, சுகர் பிரஷர் உள்ளவங்க குரூப்ல போறது நல்லதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். மாத்திரை சீட்டு இங்கிலீஷ்ல டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு போங்க, இன்சூரன்ஸ் இல்லாம போகவே போகாதீங்க.

ஆனா முப்பது பேருக்கு அந்த ஒரே தம்பிதான். ஸ்டால்ல உக்காந்து ரேட்டு பேசறதுக்கு அவன் கிடைக்க மாட்டான், அது அவன் தப்பு இல்ல. பெரிய கம்பெனி ஸ்டால்ல இங்கிலீஷ் தெரிஞ்ச பொண்ணுங்க இருக்காங்க, சின்ன ஃபேக்டரி ஸ்டால்ல கால்குலேட்டர்ல நம்பர் தட்டி காட்டியே வேலை முடிஞ்சிடும். பெரிய ஆர்டர் பேச போறவங்க ஒரு நாளைக்கு தனி மொழிபெயர்ப்பாளர் வச்சிக்கறது நல்லது, கேட் வாசல்லயே காலேஜ் பசங்க போர்டு பிடிச்சிட்டு நிப்பாங்க, காசு முன்னாடியே பேசிடுங்க.

நெட் விஷயம் தெரியாம ஃபர்ஸ்ட் நாள் நிறைய பேர் வீட்டுக்கு போன் பண்ண முடியாம தவிச்சாங்க. அங்க வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் மேப் எதுவும் ஹோட்டல் வைஃபைல வராது. நம்ம ஊரு சிம்ல இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுட்டு போனா எல்லாமே வரும், ஏன்னா டேட்டா நம்ம நெட்வொர்க் வழியா போகுது. கூடவே வீசாட் (வாட்ஸ்அப் மாதிரி சீன ஆப்) கண்டிப்பா போட்டுட்டு போங்க, சப்ளையர் எல்லாரும் அதுலதான் பேசறாங்க, இங்கயே அக்கவுன்ட் ஆரம்பிச்சிடுங்க.

சாப்பாடு பரவால்ல, ராத்திரி தினமும் சப்பாத்தி, தால், சாதம், ஒரு கூட்டு. அத சாப்பிட ஒரு மணி நேரம் பஸ்ல போறதுதான் கஷ்டம். சைவம் சாப்பிடறவங்க ரெடிமேட் உப்புமா பாக்கெட், பருப்பு பொடி, தேங்காய் பொடி எடுத்துட்டு போங்க, ரூம்ல சுடு தண்ணி கெட்டில் இருக்கும். காய்கறி டிஷ்ஷுன்னு சொன்னா கூட உள்ள கறி துண்டு போட்டுடுவாங்க, அதனால முட்டை, கறி, மீன் எதுவும் வேணாம்னு சைனீஸ்ல போன்ல எழுதி வச்சி காட்டுங்க.

கடைசி நாள் மார்க்கெட் டூர், அது எனக்கு தேவையே இல்ல. ஃபேர் இன்னும் ஒரு நாள் நடக்குது, நாங்க பேக்கும் பெல்ட்டும் விக்கற ஒரு மாலுக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தோம். ஹோல்சேல் பண்றவங்களுக்கு அந்த நாள் ஃபேர்லயே, முதல் நாள் பாத்த ஸ்டாலுக்கு திரும்ப போய் ரேட்ட இறக்கி பேசறதுக்கு வேணும், கடைசி நாள் ஸ்டால்காரங்க கொஞ்சம் இறங்கி வருவாங்க. யீவு (பெரிய ஹோல்சேல் மார்க்கெட் இருக்கற சீன ஊரு) போகணும்னு நினைக்கறவங்க அந்த நாள அதுக்கு வச்சிக்கலாம், சீனாவுக்குள்ள உள்ளூர் ஃப்ளைட்ல போறதா இருந்தா பவர் பேங்க்ல 3சின்ற சீன தர முத்திரை இருக்கான்னு பாருங்க, 2025 ஜூன் 28-லேருந்து அந்த முத்திரை இல்லாத பவர் பேங்க உள்ளூர் விமானத்துல ஏத்த விடறதில்ல, நம்ம ஊர்ல வாங்குன நிறைய பவர் பேங்க்ல அது இருக்காது.

காசு கட்டறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட இத எல்லாம் எழுத்துல வாங்குங்க: ஹோட்டல் பேரு, அதுக்கு பக்கத்துல எந்த மெட்ரோ ஸ்டேஷன், ஃபேர்லேருந்து பஸ் எத்தனை மணிக்கு கிளம்பும், எத்தனை முழு நாள் ஃபேர்ல விடுவாங்க, எத்தனை பேருக்கு ஒரு கோஆர்டினேட்டர், மார்க்கெட் டூர் வேணாம்னா கழிச்சுக்கலாமா. ஹோட்டல் பேரு "அங்க போய் சொல்றோம்"னு சொன்னா அது ஊருக்கு வெளியிலதான். ஏப்ரல் ஃபேருக்கு தேதி பொதுவா 15-லேருந்து 19, 23-லேருந்து 27, அப்புறம் மே 1-லேருந்து 5, அக்டோபர்ல 15-லேருந்து 19, 23-லேருந்து 27, 31-லேருந்து நவம்பர் 4. உங்க சரக்கு எந்த ஃபேஸ்னு பாத்துட்டு பொங்கல் முடிஞ்ச கையோட பாஸ்போர்ட்ட எடுத்து எக்ஸ்பைரி தேதிய பாருங்க, ஆறு மாசத்துக்கு குறைவா இருந்தா முதல்ல அத ரின்யூ பண்ணுங்க.